உப்பு டிரம் நிலைத்தது, உலர்த்திப் பெட்டி ஓரம் போனது ஏன்?

தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் ஜனவரி மாதம் மாங்காய் வற்றல் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. முதல் நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டாம் நாள் மத்தியானம் மேகம் ஏறிவரும், சாயங்காலம் இடியோடு மழை. மூன்றாம் நாள் காலையில் முறத்தை எட்டிப் பார்த்தால் துண்டுகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். நானும் இப்படி இரண்டு கூடை மாங்காயைக் குப்பைக்குழியில் கொட்டியவன்தான். கோயில் திருப்பணிக்கு வந்திருந்த தமிழ்நாட்டுச் சிற்பி ஒருவர், "எங்க ஊர்ல நாலே நாள்ல சருகாயிடும் தம்பி" என்று சொன்னதை நம்பி இறங்கினேன். எங்கள் ஆயா (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) முறத்தைப் பார்த்துவிட்டு, "மாங்காயப் போயி யாராச்சும் வெயில்ல போடுவாங்களா? டிரம்முல போடு" என்று மட்டும் சொன்னார். மாங்காயை உப்பில் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் டிரம்மைத்தான் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருடைய அம்மா அப்படித்தான் செய்தாராம்.

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் என்று நீளும் கரும்புக்காட்டுக்கு நடுவில் இன்னும் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஒரு ஏக்கர், மூன்று ஏக்கர், மிஞ்சினால் பத்து. கத்தரி, பச்சை மிளகாய், பாகல், புடலை, சுரை, கொத்தமல்லி, நாங்கள் 'ஹெர்ப்ஸ்' என்று சொல்லும் கீரை வகைகள், இங்கே மடும்பி என்று பெயர் பெற்ற சேப்பங்கிழங்கு. வரப்போரம் நாலு மாமரம், ரெண்டு எலுமிச்சை. இந்தத் தோட்டங்களுக்கும், பக்கத்து ஜூலு கிராமங்களில் இதே அளவு நிலத்தில் பயிர் செய்பவர்களுக்கும், காய்கனிகளைப் பதப்படுத்தக் கற்றுக்கொடுக்கிறோம் என்று அரசுத் துறைகளிலிருந்தும் தொண்டு அமைப்புகளிலிருந்தும் அவ்வப்போது ஆட்கள் வருவார்கள். உலர்த்துவது, ஜாம் காய்ச்சுவது, சீசாவில் அடைப்பது. இரண்டு நாள் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். சான்றிதழ் சுவரில் இருக்கிறது. கற்றுக்கொடுத்த முறையில் பெரும்பாலானது தோட்டத்தில் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், விவசாயிகளிடம் விழிப்புணர்வு போதாது என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறுகாய் போடத் தெரியாத தமிழ் வீடா? தெரிந்ததால்தான் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள், சிலவற்றைத் தொடவே இல்லை. எது நின்றது, எது போனது என்று பார்த்தால் காரணங்கள் வானத்திலும், பணப்பையிலும், கொஞ்சம் சட்டப் புத்தகத்திலும் கிடைக்கின்றன.

வானம் தலைகீழ்

டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில், அதாவது கோடையில் பெய்கிறது. மாங்காய் விழுவதும் தக்காளி குவிவதும் அப்போதுதான். காற்றில் ஈரம் 75, 80 சதவீதத்தில் நிற்கும் மாதங்கள் அவை. தமிழ்நாட்டில் சித்திரை வெயிலும் மாங்காயும் ஒன்றாக வருகின்றன. வடாம், வற்றல், மோர் மிளகாய் எல்லாம் அந்தப் பொருத்தத்தில் பிறந்தவை. எங்கள் முன்னோர் கப்பலேறி வந்தபோது கைப்பக்குவம் கூடவே வந்தது, ஆனால் அந்தப் பொருத்தம் வரவில்லை.

இதே நாட்டின் மறுபக்கம் போனால் கதை வேறு. கேப் டவுனைச் சுற்றிய பகுதிக்குக் குளிர்காலத்தில்தான் மழை, கோடை வறண்டது. அதனால் அங்கே ஆப்ரிகாட், பீச், பேரிக்காய் எல்லாம் தட்டுகளில் பரப்பி வெயிலிலேயே உலர்கின்றன. இன்னும் வடக்கே ஆரஞ்சு ஆற்றங்கரையில், உபிங்டன் பக்கம், திராட்சைக் கொத்துகள் களத்திலேயே உலர்திராட்சை ஆகின்றன. தென்னாப்பிரிக்காவின் உலர்பழத் தொழில் அங்கே வேரூன்றியதற்கு முதல் காரணம் அந்த வானம். அங்கே வெற்றி பெற்ற பாடத்தை அப்படியே எங்கள் கரைக்குக் கொண்டுவந்தால் பூசணம்தான் மிஞ்சும்.

சரி, வெயிலில் நேராகப் போடாமல் சூரிய உலர்த்திப் பெட்டி வைத்தால்? அதன் தத்துவம் எளிது. 28 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றைப் பெட்டிக்குள் விட்டு 45 டிகிரிக்குச் சூடேற்றினால், அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் முப்பத்து சொச்சம் சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது அது காயிலிருந்து நீரை உறிஞ்சும். ஆகப் பெட்டி பொய் சொல்லவில்லை. சிக்கல் ராத்திரியில் வருகிறது. சூரியன் போனதும் பெட்டி குளிர்கிறது, காற்றின் ஈரம் திரும்ப ஏறுகிறது, பாதி காய்ந்த துண்டு மறுபடி நீரை இழுத்துக்கொள்கிறது. தொடர்ந்து இரண்டு நாள் மேகமூட்டம் என்றால் உள்ளே இருப்பது வற்றல் ஆகாது, புளித்துப்போகும். மாங்காய் எடையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். அதை 15, 20 சதவீதத்துக்கு இறக்கும் வரை சூரியன் விட்டுப்போகக் கூடாது. பிப்ரவரியில் அந்த உத்தரவாதத்தை யாரும் தர முடியாது.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு இப்படி ஒரு பெட்டி இலவசமாக வந்தது. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் டிசம்பரில் கொடுத்தார்கள். போதாக்குறைக்குக் குரங்கு. இந்தக் கரையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வெர்வெட் குரங்குக் கூட்டத்தோடு ஒரு தீராத வழக்கு உண்டு. வாழைத்தாரைச் சாக்கு போட்டு மூடினாலும் பிரித்துப் பார்க்கிற ஜாதி அது. வலை போட்ட கதவுக்குப் பின்னால் பழத்துண்டு மணத்தால் சும்மா இருக்குமா? முதல் மாதமே வலை கிழிந்தது, அடுத்த கோடைக்குள் மேல் பிளாஸ்டிக் தாள் வெயிலில் வெளிறி நொறுங்கியது. மாற்றுத் தாள் எங்கே கிடைக்கும் என்று வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதே வகையில் இன்னொன்று, செங்கல் குளிர்ப்பெட்டி. இரட்டைச் சுவர் கட்டி, நடுவில் மணல் நிரப்பி, நீர் தெளித்து வைப்பது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் உருவான முறை. மின்சாரம் வேண்டாம். வட இந்தியாவின் வறண்ட கோடையில் உள்ளே பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடக் குறையும் என்கிறார்கள், ஏனென்றால் சுவர் நீரைக் காற்று ஆவலோடு குடிக்கிறது. டர்பனின் பிப்ரவரிக் காற்றோ ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு நிற்கிறது. அதனால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே அதிகம். நாட்டின் வடக்கே, லிம்போபோ மாகாணத்தின் உள்நாட்டு வறட்சியில் இதே பெட்டி நன்றாக வேலை செய்யும்.

இந்தக் கரைக்கு உலர்த்தும் பருவமே இல்லை என்று அர்த்தமில்லை. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். மழை மிகக் குறைவு, காற்று வறண்டது, கரையோரத்தில் உறைபனி இல்லை. எலுமிச்சை காய்ப்பதும் அப்போதுதான். உப்பில் பிசறிய எலுமிச்சை ஜூன், ஜூலையில் தகரக் கூரை மேல் சீசா சீசாவாக நிற்பதை இன்றும் டர்பனின் சாட்ஸ்வர்த் தெருக்களில் பார்க்கலாம். மாங்காய்க்கு உப்புத்தண்ணீர், எலுமிச்சைக்கு வெயில் என்று ஆயாமார்கள் பிரித்து வைத்ததற்கு வானிலைதான் அடிப்படை. குளிர்காலத் தக்காளியும், கடைசிப் பறிப்பு மிளகாயும், கீரையும் அதே மாதங்களில் பெட்டியில் போட்டால் உலரும். லிம்போபோ கிராமங்களில் கீரையை வேகவைத்துப் பிழிந்து உருட்டிக் காயவைத்து, பஞ்ச மாதங்களுக்கு எடுத்து வைப்பது பழைய வழக்கம். வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுப்பதால் இலையைக் கறுக்கவைக்கும் நொதிகள் செயலிழக்கின்றன. பச்சையாகக் காயவைத்த கீரை வைக்கோல் மணம் அடிப்பது அந்த நொதிகள் உள்ளேயே வேலை செய்வதால்தான். பயிற்சி நாட்காட்டியை ஆறு மாதம் தள்ளி வைத்திருந்தால் அந்தப் பெட்டிகளில் பாதி பிழைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

குத்தகை மண்ணும் அன்றாடக் காசும்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட 'டிரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு அளந்து கொடுத்தது அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு என்று நாள்பட வைக்கக்கூடிய சரக்கு. பச்சைக் காய் வேண்டுமென்றால் தாங்களே விதை ஊன்ற வேண்டும். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் டர்பனைச் சுற்றி ஆற்றங்கரைகளிலும் சரிவுகளிலும் துண்டு நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் நகரத்து அடுப்புகளுக்குக் காய்கறி கொடுப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான் என்று ஆனது.

இவர்கள் நடத்தியது அன்றாட வியாபாரம். விடியுமுன் பறிப்பது, கூடையில் தலைச்சுமையாகவோ வண்டியிலோ கொண்டுபோவது, காலையிலேயே விற்றுவிட்டு அரிசியோடு திரும்புவது. வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தை இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. நிலம் பெரும்பாலும் சொந்தமில்லை. குத்தகை நிலத்தில் யார் கொட்டகை போட்டுத் தொட்டி கட்டுவார்கள்? சொந்தமாக்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆற்று வெள்ளம் ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் குடியிருந்த தோட்டக்காரர்களை அடித்துக்கொண்டுபோனபோது, படவோட்டிகள் ஆறு பேர் தங்கள் மீன்பிடிப் படகில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். 'பதவதான் சிக்ஸ்' என்று அவர்கள் பெயர் இன்றும் டர்பனில் நிற்கிறது. வெள்ளம் வடிந்தால் திரும்ப நடலாம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று 1950ல் வந்த குழுப் பகுதிச் சட்டம் திரும்ப நட விடவில்லை. இந்தியர்களின் வாழைத் தோட்டங்கள் இருந்த மேடுகளில்தான் 1960களில் சாட்ஸ்வர்த் என்ற குடியிருப்பு எழுந்தது.

இந்த வரலாற்றின் விளைவு ஒன்று பதப்படுத்துதலை நேராகத் தொடுகிறது. ஊறுகாய் போடுவது தோட்ட வேலையாக வளரவே இல்லை. சமையலறை வேலையாக, பெண்கள் வேலையாக, வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போக மிச்சம் இருந்தால் விற்கிற பொருளாக நின்றுவிட்டது. தோட்டக் கணக்கு அப்பாவிடம், ஊறுகாய்க் கணக்கு அம்மாவிடம். பயிற்சி வகுப்புக்குத் தோட்டத்துக்காரர் என்று அப்பாவைக் கூப்பிட்டு ஜாம் காய்ச்சக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? அவர் தூங்கி வழிந்துவிட்டு வருவார்.

இதைவிடப் பெரியது பணத்தின் கணக்கு. பதப்படுத்துவது என்றால் காயைக் காக்க வைப்பது என்று நினைக்கிறோம். காயோடு சேர்ந்து பணமும் காக்க வைக்கப்படுகிறது. கிளேர்வுட் மொத்தச் சந்தையில் முகவர் கமிஷனும் சந்தைக் கட்டணமும் பிடித்துக்கொண்டாலும், சில நாளில் கையில் ஏதோ வருகிறது. அதே காயை ஊறுகாயாக்கினால் சீசா வாங்க வேண்டும், எண்ணெய், கடுகு, வெந்தயம், பூண்டு, மிளகாய்த்தூள் வாங்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் வரிசை மாறுவதில்லை: மாங்காய் குவிந்து கிடக்கும் பருவத்தில், ஒரு சீசா ஊறுகாயில் மிக மலிவான பொருள் மாங்காய்தான். மூடியோடு கூடிய கண்ணாடிச் சீசா அதைவிட விலை கூடியது. இலவசமாகக் கிடைத்த காயை விற்பதற்கு, கையில் இல்லாத காசைப் போட வேண்டும் என்றால் யார் இறங்குவார்கள்?

காலமும் சதி செய்கிறது. இந்த நாட்டில் பள்ளி திறப்பது ஜனவரியில். கட்டணம், சீருடை, சப்பாத்து, புத்தகம் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வந்து விழும். மாங்காய் விழுவதும் அதே மாதம். காத்திருந்தால் நல்ல விலை என்று யார் சொன்னாலும், காத்திருக்கக் கூடாத மாதத்தில் அதைச் சொல்கிறார்கள். ஊறுகாய் சீசாவுக்கு இங்கே பெரிய கிராக்கி எப்போது? புரட்டாசியில். டர்பன் தமிழர்கள் புரட்டாசியைப் பிடிப்பது போலத் தமிழ்நாட்டில்கூடப் பிடிக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாதம் முழுக்கக் கறி மீன் இல்லை. காய்கறி விலை ஏறும், கீரைக் கட்டு பறக்கும், ஊறுகாய் இல்லாமல் ஒரு தட்டும் நகராது. ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தைத் தாங்க முடிந்தவர்களுக்குத்தான் ஊறுகாய் லாபம்.

தக்காளியை உலர்த்துவதிலும் கணக்கு இப்படித்தான் இடிக்கிறது. தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். 10 கிலோ தக்காளியை நறுக்கி உலர்த்தினால் கையில் நிற்பது 600, 700 கிராம். கெட்டுப்போகாத சரக்குதான், சுமக்கவும் லேசு. ஆனால் அந்த 700 கிராமை 10 கிலோ தக்காளியின் விலைக்கு மேல் வாங்க ஆள் வேண்டும். வெயிலில் உலர்த்திய தக்காளியை கடற்கரைச் சுற்றுலா ஊரான உம்லாங்கா பக்கத்து உணவகங்கள் வாங்கலாம். எங்கள் ஆட்கள் வாழும் பீனிக்ஸ் தெருக்கடையில் யார் கேட்பார்கள்? எங்கள் சமையலில் அதற்கு இடமே இல்லை.

டிரம் ஏன் நின்றது

இத்தனைக்கும் நடுவில் ஒரு முறை மட்டும் யாரும் கற்றுக்கொடுக்காமலே தோட்டங்களில் நின்றிருக்கிறது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், உப்பு, பச்சை மாங்காய். காற்றில் விழுந்தது, ஆலங்கட்டி அடித்தது, அளவில் சிறுத்தது என்று சந்தை கழிக்கும் காயெல்லாம் இதற்கு ஆகும். கொட்டையோடு வெட்டி, நூறு கிலோ காய்க்குப் பதினைந்து முதல் இருபது கிலோ உப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே காய் மிதக்காதபடி பலகையும் கல்லும் வைத்து, நிழலில் விட்டுவிடுவார்கள். உப்பு காயிலிருந்து நீரை வெளியே இழுக்கும், அந்த நீரே உப்புநீராகிக் காயை மூடும். அவ்வளவு உப்பில் அழுகல் கிருமிகள் வாழ முடியாது. காயின் சொந்தப் புளிப்பும் கூடச் சேர்ந்து காவல் காக்கும். சில மாதங்கள் தாராளமாக நிற்கும். பின்னால் தேவைப்படும்போது எடுத்து, உப்பைக் கழுவிவிட்டு, எண்ணெயும் மசாலாவும் சேர்த்தால் அச்சார்.

கவனித்துப் பார்த்தால் இது பாதி வேலை. சீசா இல்லை, எண்ணெய் இல்லை, லேபிள் இல்லை, மின்சாரம் இல்லை. செலவு உப்பும் டிரம்மும்தான். டிரம் பல ஆண்டு வரும் (உணவுப் பொருள் வந்த டிரம்மாக இருக்க வேண்டும்; பூச்சிமருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தொடக் கூடாது). ஒரு வாரத்துக்குள் விற்றே ஆக வேண்டிய காய், மாதக்கணக்கில் வைத்திருந்து விற்கலாம் என்று ஆகிவிடுகிறது. ஊறுகாய் போடுகிறவர் பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அப்படித்தான் பெயர்) வந்து டிரம்மோடு தூக்கிக்கொண்டு போவார். காசு அவசரம் என்றால் பத்தாம் நாளே கொடுக்கலாம், பொறுக்க முடிந்தால் வைத்திருக்கலாம். முடிவு விவசாயி கையில். மற்ற முறைகளெல்லாம் முழுதாகச் செய், இல்லாவிட்டால் செய்யாதே என்கின்றன. டிரம் நடுவழியில் இறங்க விடுகிறது. சிறு விவசாயிகள் ஒரு முறையை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் நடுவில் நான் பார்த்த மிகப் பெரிய வித்தியாசம் இதுதான்.

வாங்க ஆள் இருப்பதும் காரணம். மாங்காய் அச்சார் தமிழ், குஜராத்தி சமையலறைகளிலிருந்து வெளியே போய் நாட்டுக்கே பொதுச் சொத்தாகி ரொம்ப நாள் ஆகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவெட்டோவில் கால் ரொட்டியைக் குடைந்து உருளைக்கிழங்கு வறுவலும் இறைச்சியும் அடைத்து விற்கும் 'கோட்டா'வில் அச்சார் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். 'மக்வின்யா' என்ற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைக்கும் அதேதான் துணை. அதனால் தென்னாப்பிரிக்க மாமரங்களில் விளைவதில் பெரும் பங்கு பழுக்கக்கூட விடப்படாமல் அச்சாருக்குப் போகிறது. மிச்சத்திலும் நிறைய சாறாகவும் உலர்பழமாகவும் மாறுகிறது. ஆனால் அந்தப் பெரிய வியாபாரத்தின் தலைநகரம் லிம்போபோ. ட்ஸானீன், ஹூட்ஸ்ப்ரயிட் பக்கத்துப் பெரும் தோட்டங்களோடு வாளிக் கணக்கில் மலிவு அச்சார் விற்கும் போட்டியில் டோங்காட் தோட்டக்காரர் இறங்கினால் தோற்பார். அவருக்கு இருக்கும் சந்தை வேறு: "டர்பன் ஊறுகாய்" என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள், டிசம்பர் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கடலுக்கு வந்து திரும்பும்போது காரில் நாலு சீசா ஏற்றிக்கொள்கிறவர்கள், புரட்டாசிக் குடும்பங்கள்.

சீசாவில் அடைத்த பிறகு

டிரம்மைத் தாண்டிச் சீசாவுக்கு வந்தவுடன் ஆள் மாறிவிடுகிறார். விவசாயி இப்போது உணவுத் தயாரிப்பாளர். 2018ல் வந்த R638 என்ற உணவு வளாகச் சுகாதார விதிகளின்படி நகராட்சியிடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓடும் நீர், கை கழுவத் தனித் தொட்டி, கழுவித் துடைக்கக்கூடிய சுவர், கழிவுநீர் வழி, பூச்சி எலி நுழையாத அறை. 2010ன் லேபிள் விதிகள் (R146) வேறு: சேர்மானப் பட்டியல், சிலருக்கு ஒவ்வாத பொருள்கள், நிகர எடை, கெடு தேதி, முகவரி. எதுவும் அநியாயமான கோரிக்கை இல்லை. நாலு பேர் வாயில் போடும் பொருள். ஆனாலும் மூன்று ஏக்கர்காரருக்கு ஒரு புது அறை கட்டுகிற செலவு அது.

வரியில் இன்னொரு வேடிக்கை. பச்சைக் காய்க்கும் பழத்துக்கும் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். ஏழைகள் தட்டை நினைத்துக் கொடுத்த சலுகை, நல்லதுதான். அதே காயை உலர்த்தினாலோ, டப்பாவிலோ சீசாவிலோ அடைத்தாலோ 15 சதவீதம். சிறு தயாரிப்பாளர் வரிப் பதிவு செய்யாதவராக இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க வேண்டாம். ஆனால் சீசாவுக்கும் வினிகருக்கும் மசாலாவுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் உணவு, விளைவதில் மூன்றில் ஒரு பங்கு, வீணாகிற நாடு இது. அழுகாமல் காப்பாற்றிய காய்க்கு வரி, அழுகக்கூடிய காய்க்கு விலக்கு என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் அதிகாரிகள் பக்கம். "எங்க ஆயா காலத்துல யாரு பரிசோதனை பண்ணாங்க" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். ஆயா போட்டது மாங்காய், எலுமிச்சை, மிளகாய். புளிப்பும் உப்பும் எண்ணெயும் தாராளம். புளிப்பைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் என்ற கொல்லும் நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. மாங்காயும் எலுமிச்சையும் அதற்கு வெகு கீழே. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அவரையையும் கேரட்டையும் வெறும் உப்புநீரில் அடைத்து, அரை மணி கொதிக்கவைத்து, கடையில் வைக்கிறார்கள். அந்தக் கிருமியின் வித்துகளுக்குக் கொதிநீரின் 100 டிகிரி பெரிதில்லை. அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும், அல்லது போதுமான வினிகர் சேர்த்துப் புளிப்பேற்ற வேண்டும். பூண்டைப் பச்சையாக எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதும் அதே ஆபத்து. தக்காளி இரண்டுங்கெட்டான்: ரகத்தைப் பொறுத்து 4.6க்கு இந்தப் பக்கமும் இருக்கும் அந்தப் பக்கமும் இருக்கும், அதனால் எலுமிச்சைச் சாறு சேர்த்தே அடைக்க வேண்டும். கையடக்கமான அமிலமானி ஒன்று வாங்கிப் பத்துக் குடும்பம் பகிர்ந்துகொண்டால் போதும். சூரியப் பெட்டிக்குச் செலவழிக்கிற பணத்தில் எத்தனை அமிலமானி வாங்கலாம்!

தண்ணீரும் மின்சாரமும் தனி அத்தியாயம், சுருக்கிச் சொல்கிறேன். குளிர்அறை போட்டவர்கள் மின்வெட்டில், குறிப்பாக 2023ல், டீசலுக்கே சம்பாதித்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகிப் பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற வீட்டில் சீசாவை எப்படிக் கொதிநீரில் கழுவுவது? அந்த ஆண்டு சின்ன ஊறுகாய்க்காரர்கள் பலர் அடுப்பையே மூட்டவில்லை. டிரம்மில் ஏற்கெனவே உப்பில் கிடந்த காய் மட்டும் பத்திரமாக இருந்தது.

எனக்கு ஒரு யோசனை உண்டு, கோயில் கூட்டங்களில் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்தக் கரையில் அநேகமாக எல்லாக் கோயிலுக்கும் ஒரு மண்டபமும், கல்யாணம் காவடிக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற சமையலறையும் இருக்கிறது. ஓடும் நீர், எவர்சில்வர் மேசை, பெரிய எரிவாயு அடுப்பு, பல இடங்களில் ஓடு பதித்த சுவர். திங்கள் முதல் வியாழன் வரை பூட்டிக் கிடக்கும். தகுதிச் சான்றிதழுக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கே ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு தோட்டக்காரரும் தனி அறை கட்டுவதற்குப் பதில் மண்டபத்தின் பெயரில் ஒரே சான்றிதழ் வாங்கி, நாள் பிரித்துக்கொண்டு, டிரம்மிலிருந்து சீசாவுக்கு அங்கே மாற்றலாம். பூண்டு வாசனை மண்டபத்தில் தங்கிவிடும் என்பது ஒரு எதிர்ப்பு. வாடகைக் கணக்கை யார் பார்ப்பது என்பது இன்னொன்று. உண்மையான எதிர்ப்பு அதுதான்.

எதிர்த்த தோட்டத்து அண்ணன் போன கோடையில் ஆறு டிரம் போட்டார். இரண்டு ஜனவரியிலேயே பள்ளிக் கட்டணமாகப் போனது, இரண்டு பிப்ரவரியில் போர் பம்பு பழுதுக்கு. எல்லா ஆண்டும் அத்தோடு எல்லாமே போய்விடும். இந்த முறை கடைசி இரண்டைப் புரட்டாசி வரை வைத்திருந்து, அக்கா மசாலா கூட்டி, சீசாவில் போட்டு, கோயில் வாசலில் இரண்டு சனிக்கிழமையில் விற்று முடித்தார்கள். எட்டு மாதம் எப்படி அண்ணே பொறுத்தீங்க என்று கேட்டேன். மருமகளுக்கு மார்ச்சில் மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்ததாம்.